வளையல் கழற்றிய பிறகு ஒரு கையெழுத்து

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக மெய்ப்புப் பார்க்கிறேன். பள்ளி வினாத்தாள், கல்யாண அழைப்பிதழ், ஆலயத்து அசன விருந்து நோட்டீஸ், கூட்டுறவுச் சங்கத்து அறிக்கை, எதுவானாலும் என் மேசையைத் தாண்டித்தான் எந்திரத்துக்குப் போக வேண்டும். கண் அதற்கே பழகிவிட்டது. பேருந்தில் முன்சீட்டின் முதுகைப் படிப்பேன். மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படிப்பேன். சுண்டல் தின்று முடித்ததும் அதை மடித்திருந்த தாளை நீவி விரிப்பேன். யாரோ ஒரு பிள்ளையின் விடைத்தாளாக இருக்கும், பாதியில் கிழிந்திருக்கும், மீதி என்ன எழுதியிருப்பான் என்று வீடு வரைக்கும் தவிப்பேன்.

அப்படிப்பட்டவள் ஒரு காலை வேளையில் ஆறு தாள்களை ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதில் ஆறாவது தாள் என்ன என்று எனக்குத் தெரிய ஒன்றரை வருடம் ஆனது.

தெரிய வைத்தவர்கள் இரண்டு பேர். மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளைகள். ஒருத்தி வள்ளியூர்க்காரி, ஒல்லி, பேசும்போது கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே பேசுகிறவள். இன்னொருவன் உவரிக் கடற்கரையிலிருந்து வந்தவன், குரலில் எப்போதும் காற்றை எதிர்த்துக் கத்துகிற பழக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அச்சகத்துக்கு வந்து, நாலு பக்கத் தாள் ஒன்றை என் மேசையில் வைத்தார்கள்.

"இதுக்கு மேல 'பயிற்சிக்கு மட்டும்'னு போட்டு முப்பது காப்பி வேணும் மேடம். தமிழ் சரியா இருக்கான்னும் பாத்திருங்க" என்றாள் அவள்.

"எதுக்குப் பயிற்சி?"

"எங்க செட்டுக்கு நாங்களே வகுப்பெடுக்கப் போறோம். பயோபேங்க் பத்தி."

நான் விழித்ததைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள். அறுவையில் எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அது முடிந்து மிஞ்சுவதில் ஒரு துணுக்கு, கூடவே ஒரு குழாய் ரத்தம், இரண்டையும் பெயர் எழுதாமல் எண் மட்டும் போட்டு, பனிக்கட்டியைவிடப் பல மடங்கு குளிரில் வருடக்கணக்காக வைத்திருப்பார்கள். இன்றைக்கு யாருக்கும் விளங்காத நோய் ஒன்று என்றைக்காவது அந்தத் துணுக்கிலிருந்து விளங்கலாம். நோயாளி சம்மதித்தால் மட்டும்தான் வைக்க முடியும். அந்தச் சம்மதத்தைக் கேட்கப் போகிறவர்கள் நாளைக்கு டாக்டராகிற இவர்கள். ஆனால் இவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"வாத்தியார்மாரு சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க" என்றான் பையன். "சார் சொன்னா எல்லாவனும் போன நோண்டுவான் ஆன்ட்டி. நாங்க சொன்னா கேலி பண்ணுவானுவ. கேலி பண்ணணும்னாலும் காது குடுத்துக் கேட்டாத்தானே முடியும்?"

அவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். முதல் பக்கத்தில் இரண்டு திருத்தம். இரண்டாவதில் ஒன்று. மூன்றாவது பக்கத்தில் வரிசையாக ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். மாதிரியைச் சேமிக்கலாமா. ரத்தமும் எடுக்கலாமா. வெளி நிறுவனங்களுக்குக் கொடுக்கலாமா. பிறகு தேவைப்பட்டால் உங்களை அழைக்கலாமா. உங்கள் குடும்பத்தாரின் உடல்நலத்தைத் தொடுகிற ஏதாவது தெரிய வந்தால் தெரிவிக்கலாமா.

நாலாவது பக்கத்துக்கு வந்தேன். கையெழுத்துக் கட்டம் இடதுபக்கத்தில் இருந்தது.

எல்லாப் படிவத்திலும் அது வலதுபக்கம்தான் இருக்கும். கை தானாக அங்கேதான் போகும். அன்றைக்கும் என் கை வலதுபக்கம் போனது. "அங்கன இல்லம்மா, இங்கன" என்று ஒரு நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்து இடதுபக்கம் நகர்த்தினாள். அந்த விரல்களின் சூடு நினைவுக்கு வந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

இந்தப் பிள்ளைகளின் கல்லூரி ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை எடுத்த நாள் அது. காலை ஏழு மணி இருக்கும். பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள். சங்கிலி, கம்மல், மோதிரம் எல்லாம் சுலபமாக வந்துவிட்டன. வளையல் இரண்டும் வரவில்லை. கல்யாணத்தில் போட்டது, அதற்குள் கை பெருத்துவிட்டது. சோப்பு நுரை போட்டு அந்த நர்ஸ் உருவி எடுத்தாள். எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரின் கைக்குட்டையில் முடிந்து அவரிடமே கொடுத்தாள். கடைசியாக என் மூக்குக் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டாள். அதன் பிறகுதான் தாள்கள் வந்தன.

கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்து என்பது மழையில் நனைந்த கோலம். கை வேறு எடையே இல்லாமல் கிடந்தது, என் கை மாதிரி இல்லை. போடச் சொன்ன இடத்தில் எல்லாம் போட்டேன்.

"ஆன்ட்டி, தப்பு நெறைய இருக்கோ?" என்று கேட்டான் உவரிப் பையன்.

"இல்ல. நல்லாத்தான் எழுதியிருக்கு" என்றேன்.

போகும்போது அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். வகுப்பில் சம்மதம் கேட்கிற மாதிரி நடித்துக் காட்டப் போகிறார்களாம். நோயாளியாக நடிக்க ஓர் ஆள் வேண்டும். "எங்களுக்குள்ளயே நடிச்சா சிரிச்சிருவோம் மேடம். வெளி ஆளு வந்தா கொஞ்சம் அடங்கியிருப்பானுவ. வியாழக்கிழமை மத்தியானம். அர மணி நேரந்தான்."

வருகிறேன் என்றேன். அந்தப் படிவத்தில் என் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், வெட்கம். ஊரார் எழுத்தையெல்லாம் திருத்துகிறவள் தன் உடம்பைப் பற்றிய தாளைப் படிக்கவில்லை என்று இரண்டு சின்னப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் கணக்கு வாத்தியார். விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என் ஆபரேஷன் அன்னைக்கு ஆறு தாள்ல கையெழுத்து வாங்குனாங்களே, அதுல என்ன இருந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமே. படிச்சேம்லா."

"ஆறையுமா?"

"பொறவு? ஒன்னய உள்ள கொண்டு போயிட்டாவ. கைக்குட்டைய மடியில வச்சிக்கிட்டு சும்மா எவ்வளவு நேரம் உக்காந்திருக்க? நம்ம காப்பிய எங்கிட்டதான் குடுத்தாவ. படிச்சேன். ஒரு துண்ட எடுத்து வச்சிக்கிடுவோம்னு போட்டிருந்துச்சி."

"ஒரு வார்த்த சொல்லல நீங்க."

அவர் பேனாவை மூடினார். "ஏளா, ஒலகத்துல உள்ள தப்பையெல்லாம் தேடித் தேடிப் படிக்கவ நீ. படிச்சிருக்க மாட்டேன்னு நான் எங்கன கண்டேன்?"

அதற்குமேல் சண்டை போட வழியில்லை. அந்தக் காப்பி எங்கே என்று கேட்டேன். ஸ்கேன் படம் வைத்திருந்த பையில் தேடினோம், இல்லை. நான்தான் வெள்ளையடித்தபோது பழைய காகிதம் என்று போட்டிருப்பேன்.

வியாழக்கிழமை வரைக்கும் நான் நிலைகொள்ளவில்லை. மெய்ப்பில் ஒரு மணமகனின் பட்டப்படிப்பே விடுபட்டிருந்ததைக் கவனிக்காமல் விட்டேன். கொக்கிரகுளத்துப் பாலத்தில் பேருந்து நின்றபோது கீழே ஆற்றில் மிதக்கிற அமலைச் செடியைத் தள்ளிவிட்டு யாரோ துணி அலசிக்கொண்டிருந்தார்கள். வெயில் தகரம் மாதிரி அடித்தது. இந்த ஊரின் இத்தனை சூட்டுக்கு நடுவே என்னில் ஒரு துணுக்கு குளிரில் கிடக்கிறது என்று நினைத்தேன். நான் வியர்க்கும்போது அது வியர்க்காது. எனக்கு வயதாகும், அதற்கு ஆகாது. என் மகன் பத்து மாதமும் மகள் பத்து மாதமும் குடியிருந்த இடம் அது, அதன் சுவரில் ஒரு கல். அங்கே இருக்கட்டும் என்று பாலத்தின் இந்தக் கரையில் தோன்றும். என்னைக் கேட்காமல் எப்படி என்று அந்தக் கரையில் தோன்றும். கேட்டார்கள்தான். கேட்டபோது நான் அங்கே இல்லை.

படிவத்தில் ஒரு வரி இருந்தது. காரணம் எதுவும் சொல்லாமல், எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். சிகிச்சைக்கு ஒரு குறையும் வராது. புதன்கிழமை மத்தியானம் சோற்று டப்பாவைத் திறக்கும் முன் மூன்று வரியில் ஒரு கடிதம் எழுதினேன். என் மாதிரியை அழித்துவிடவும். கையெழுத்திட்டு, தேதிக்கு இடம் விட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அந்த வகுப்பறையில் முப்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் சாப்பாட்டு டப்பாவோடு. எலுமிச்சை ஊறுகாய் மணம். வள்ளியூர்ப் பெண் திரையில் படம் காட்டிப் பேசினாள். எங்கோ வெளிநாட்டில், ஆள் உயரத்து ஃப்ரீசர்கள் வரிசை வரிசையாக நிற்கிற ஒரு கூடம். வெள்ளை உடுப்பு, நீலக் கையுறை. முதல் ஐந்து நிமிடம் வாரை முறுக்கிக்கொண்டு பேசினாள், பிறகு வாரை மறந்துவிட்டாள். ஒருவன் கேட்டான், "மிச்சத்தத்தானே வைக்காங்க, எப்படியும் எரிக்கப் போறது. அதுக்கு எதுக்குக் கேக்கணும்?" அவள் சொன்னாள், "ஒன் வீட்டுப் பழைய துணிய நான் கேக்காம எடுத்துட்டுப் போனா சும்மா இருப்பியாலே?" அறை சிரித்தது. கேட்டவனும் சிரித்தான். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவன் சிரித்திருக்க மாட்டான் என்று பட்டது.

பிறகு நடிப்பு. என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உவரிப் பையன் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு எதிரே வந்தான்.

"வணக்கம்மா. நாளைக்கு உங்களுக்கு ஆபரேஷன். பயப்படாதிய. இது வழக்கமா உள்ள தாள்தான். நீங்க ஒண்ணும் செரமப்பட வேண்டாம், நானே நெரப்பிக்கிடுதேன். பேரு? வயசு? ஊரு? சரி, இங்கன டிக், இங்கன டிக். கையெழுத்து மட்டும் நீங்க போடுங்க."

அவன் பேனா பறந்தது. ஐந்து 'ஆம்' கட்டத்திலும் ஒரே கோட்டில் ஐந்து டிக். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை.

"கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மனு எழுத ஒரு மேச போட்டு உக்காருலே!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். கைதட்டல்.

பையன் பெருமையாகக் குனிந்து வணங்கினான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் இது ஒரு தயவு. அஞ்சலகத்தில், ரேஷன் கடையில், எங்கே போனாலும் பேனா வைத்திருப்பவரிடம் நாலு பேர் தாளை நீட்டுவார்கள். வாங்கி நிரப்பிக் கொடுப்போம். என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களும் கேட்க மாட்டார்கள், நாமும் சொல்ல மாட்டோம். அவசரத்தில் இருப்பவரைக் காக்க வைக்காததுதான் மரியாதை. நானே எத்தனை பேருக்கு நிரப்பியிருக்கிறேன். இந்தப் பிள்ளை ஏழாம் வகுப்பிலிருந்து தன் ஊருக்கே மீன்பிடித் தடைக்கால நிவாரணப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் என்று பிறகு தெரிந்தது.

வள்ளியூர்ப் பெண் கைதட்டவில்லை. "இப்பம் அவங்க எதுக்கெல்லாம் சம்மதிச்சாங்கன்னு யாராவது சொல்லுங்க" என்றாள்.

பாதிப் பேர் டப்பாவுக்குள் குனிந்துகொண்டார்கள்.

"செரி, மேடம், நீங்களே சொல்லுங்க."

எனக்கு ஐந்து கேள்வியும் மனப்பாடம். அதைச் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். அதற்குப் பதிலாக வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"இந்தத் தாள்ல நான் நெசமாவே கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒன்றர வருசத்துக்கு முன்னால, இதே ஆஸ்பத்திரியில. ஒரு வரி படிக்கல. கண்ணாடி கழத்தியாச்சு, வளையல் கழத்தியாச்சு, பொறவுதான் கேட்டாங்க." நிறுத்த முடியவில்லை. "என்னோடது எங்க இருக்கு?"

பையன் பெண்ணைப் பார்த்தான். பெண் திரையைப் பார்த்தாள். அங்கே அந்த வெளிநாட்டுக் கூடம் பளபளவென்று நின்றது.

"எங்களுக்குத் தெரியாது மேடம்" என்றாள் பைய.

கடைசி வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கினாள். "ஏய், கீழ பேத்தாலஜில ஒரு ஃப்ரீசர் நிக்கும்லா? மேல பிளாஸ்டிக் பூ ஜாடி வச்சிருப்பாங்களே. நம்ம தெனமும் அதத் தாண்டித்தானே லேபுக்குப் போறோம்."

நாலு வாரமாக அவர்கள் தயார் செய்திருந்தார்கள். கடல் தாண்டி இருக்கிற கூடத்தின் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார்கள். பார்க்க வேண்டியது அவர்கள் காலுக்குக் கீழே ஒரு மாடி தள்ளி முனகிக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு பேரும் நானும் இறங்கினோம். பேத்தாலஜி அறை வாசலில், காதோரம் நரைத்த ஒரு டெக்னீஷியன் எங்களை நிறுத்தினார். விஷயத்தைச் சொன்னோம். அவர் என்னை மட்டும் உள்ளே விட்டார்.

"நாங்க மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் சார்" என்றான் பையன்.

"கலெக்டராவே இரு. இவங்க நம்பரு எதுன்னு ஒனக்குத் தெரியப்படாது. வெளிய நில்லு."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு முகமும் ஒட்டிக்கொண்டு நின்றன. டெக்னீஷியன் பூட்டிய அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, வெகு நேரம் புரட்டி, என் படிவத்தை எடுத்து வைத்தார். என் கையெழுத்து கறுப்பு மையில், இடதுபக்கக் கட்டத்தை மீறி, குடித்தவன் நடை மாதிரி. மூன்றாம் பக்கத்தில் ஐந்து டிக், ஒரே கோட்டில், நீல மையில்.

"இது நான் போட்டதில்ல" என்றேன்.

அவர் பார்த்தார். மறுக்கவில்லை. "தெரியுது" என்றார். பிறகு ஃப்ரீசரைக் காட்டினார். பூ ஜாடிக்குக் கீழே சிவப்பு எழுத்தில் குளிரின் அளவு மின்னியது. "திறந்து காட்ட முடியாதும்மா, குளிரு எறங்கிரும். உங்களோடத இன்னும் யாரும் தொடல. வேண்டாம்னா எழுதிக் குடுங்க. அழிச்சிட்டு உங்களுக்குக் கடுதாசி போட்டிருவோம். ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

ஃப்ரீசரின் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குளிரவில்லை. வெளிப்பக்கம் லேசான வெதுவெதுப்பு, மாட்டின் வயிறு மாதிரி ஓர் அதிர்வு. கைப்பையில் கடிதம் இருந்தது. தேதி போட்டால் போதும்.

வெளியே வந்து அந்த ஐந்து டிக்கைப் பற்றிச் சொன்னேன். பையனின் குரலில் காற்றை எதிர்த்துக் கத்துகிற அந்தப் பழக்கம் இல்லை. "நானும் அப்படித்தான் ஆன்ட்டி டிக் போட்டேன்" என்றான். "ஒங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்னு."

"அந்த நர்சும் அதத்தான் நெனச்சிருக்கும்" என்றேன்.

வள்ளியூர்ப் பெண் மறுபடியும் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். "வேண்டாம்னு தோணுச்சுன்னா எழுதிக் குடுத்திருங்க மேடம். எங்க வகுப்புக்காக யோசிக்காதிய. எங்க பேரு கெடாது." இது அவள் நாலு வாரமாகக் கட்டியது என்று எனக்குத் தெரியும். இருந்தும் சொன்னாள்.

என்னை யாராவது வற்புறுத்தியிருந்தால் அந்தக் கணமே தேதி போட்டிருப்பேன்.

"இதுல எழுதாத தாள் ஒண்ணு இருக்கா?" என்று கேட்டேன்.

தாழ்வாரத்து மர பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து படித்தேன். மெய்ப்புப் பார்க்கிற மாதிரி இல்லை. கடிதம் படிக்கிற மாதிரி. இடையிடையே கேட்டேன். வெளி நிறுவனம் என்றால் யார்? "தெரியாது ஆன்ட்டி" என்று பையன் எழுந்து உள்ளே போய்க் கேட்டு வந்தான். நான் இறந்துபோனால் இது யாருடையது? "தெரியாது ஆன்ட்டி." மறுபடியும் போனான். நாலு தடவை போய் வந்தான். ஒரு கேள்விக்கு டெக்னீஷியனுக்கும் பதில் தெரியவில்லை, மேலே கேட்டுச் சொல்வதாக எழுதி வைத்துக்கொண்டார். அந்தப் பெண் ஒவ்வொரு கேள்வியையும் தன் நோட்டில் குறித்தாள்.

ஐந்தாவது கேள்வியில் நின்றுவிட்டேன். குடும்பத்தாருக்குத் தெரிவிக்கலாமா. அது என்னுடைய கேள்வி மட்டுமில்லை. தூத்துக்குடியில் துறைமுகத்து அலுவலகத்தில் வேலை பார்க்கிற மகளுக்கு அங்கேயே போன் போட்டேன்.

"என்னம்மா, ஆபீஸ் நேரத்துல?"

சொன்னேன். அவளுக்குப் புரிய இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"நான் இருந்த வீட்ட இடிச்சதே எனக்குப் பொறவுதான் சொன்ன. அதுல செங்கல் பத்திரமா இருக்குன்னு இப்பம் சொல்லுத" என்றாள். சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எனக்குத் தெரியணும்மா. நல்லதோ கெட்டதோ, தெரியணும். நீ மறைச்சிராத."

பேனாவைத் தேடினேன். பையன் சட்டைப்பையிலிருந்து உருவி, பழக்க தோஷத்தில் மூடியைத் திறந்து, தாளை நோக்கியே குனிந்துவிட்டான். சட்டென்று நிமிர்ந்து பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

சேமிக்கலாம், ஆம். ரத்தம், ஆம். வெளி நிறுவனம், இல்லை. என்னை அழைக்கலாம், ஆம். குடும்பத்துக்குத் தெரிவிக்கலாம், ஆம். என் டிக் ஒன்றுகூட நேர்கோட்டில் இல்லை. இடதுபக்கக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது வளையல் இரண்டும் பெஞ்சுப் பலகையில் தட்டித் தட்டி ஒலித்தன. பழைய படிவத்தை என்ன செய்வீர்கள் என்று டெக்னீஷியனிடம் கேட்டேன். கிழிக்கக் கூடாதாம். இரண்டும் சேர்ந்தே இருக்குமாம்.

அடுத்த மாதம் இன்னொரு செட்டுக்கு அவர்கள் வகுப்பெடுத்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். அந்த வெளிநாட்டுக் கூடத்தின் படம் இல்லை. எல்லோரையும் முதலில் கீழே கூட்டிப் போய்ப் பூ ஜாடியைக் காட்டினார்கள். நடிப்பில் பையன் படிவத்தை என்னிடம் கொடுத்து, "ராத்திரி வீட்ல வச்சிப் படிங்க, நாளைக்கு வாறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். "என்னலே, படம் அதுக்குள்ள முடிஞ்சிட்டா?" என்று ஒருவன் கத்தினான். அந்த வகுப்பில் அதற்குப் பெரிய சிரிப்பு.

கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கைப்பையின் உள்ளறையில், பேருந்துச் சீட்டுகளோடு இருக்கிறது. அது கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால்தான், ஃப்ரீசரில் இருப்பதை அங்கேயே இருக்க விட்டிருக்கிறேன். தேதிக்கான இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.